பொம்மை போட்ட பூட்ஸ்

இந்த நகரத்துக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. நகரம் என்றால் அதில் குடியிருக்கிற சனங்கள் இல்லை; அவர்களுக்குக் குறைப்பட்டுக்கொள்ள நேரம் ஏது? குறை நகராட்சிக்கு. பெரிய நகரம் என்றால் பாலம் வரும், நிதி வரும், வெளிநாட்டு விருந்தாளி வருவார். சின்ன ஊர் என்றால் பாவம் பார்த்தாவது எதையாவது தள்ளிவிடுவார்கள். இது இரண்டும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். நகராட்சித் தலைவர் எந்த மாநாட்டுக்குப் போனாலும் பின்வரிசையில், தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து நாற்காலி போடுவார்கள். அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவர் ஊர் திரும்புவார்.

அப்படி இருக்கும்போது ஒரு விருது அறிவித்தார்கள். 'நடுத்தர நகரங்களில் தலைசிறந்த பன்முக நகரம்.' ஒரே ஊரில் எத்தனை விதமான மனிதர்கள், எத்தனை தொழில்கள், எத்தனை மொழிகள் கலந்து கிடக்கின்றன என்று நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்களாம். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு ஒரு பன்முகத்தன்மைப் பிரிவைத் தொடங்கினார். அதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அவர் மனைவி வழிச் சொந்தம். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே முகவெட்டு. ஒருவரைக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிரிவுக்குத் தலைமை அலுவலராக மட்டும் தன் சொந்த அக்கா மகனைப் போட்டார். இப்படியாகப் பிரிவுக்குள்ளேயே பன்முகத்தன்மை வந்துவிட்டது என்று அவருக்கு ஒரு திருப்தி.

இந்தக் கூத்தில் வந்து மாட்டியவர் அடைப்புக்காரர்.

பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுப்பது அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. "அடைப்புக்காரர் வந்துட்டாரா?" என்று ஊர் கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. அவரைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் கழிவுநீர் பொங்கும்போது மட்டும்தான் தெரியும், வடிந்ததும் மறந்துபோகும். ரொட்டி சுடுகிறவர், செவிலி, வெளியூரிலிருந்து வந்து கட்டடம் கட்டுகிறவர்கள், மூன்று மொழியில் வாயடித்துக்கொண்டே முடிவெட்டுகிறவர், வக்கீல், வட்டிக்காரர் என்று மேலே தெருவில் ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும், கீழே எல்லார் வீட்டுக் குழாயும் ஒன்றாகத்தான் சேருகிறது. சேருகிற இடத்தில் இடுப்பளவு நின்று வேலை பார்ப்பவர் அவர்.

மேற்கு வட்டத்துக்கு அவரும் அவர் மனைவியின் தம்பியும். கிழக்கு வட்டத்துக்கு வேறு இரண்டு பேர். போன மழைக்காலத்தில் சந்தைக்குப் பின்னால் மூடியைத் திறந்து மச்சான்தான் இறங்கினான். இறங்கினவனிடமிருந்து குரல் வரவில்லை. உள்ளே விஷவாயு தேங்கிக் கிடந்திருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே போட்டபோது முகம் கறுத்துக் கிடந்தான். எப்படியோ பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. இளவயசுக்காரன், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு இனிமேல் மேலே நின்று கயிறு பிடிக்கிற வேலை மட்டும்தான் என்று ஆயிற்று.

அடைப்புக்காரரின் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். தம்பியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்துவிட்டு வந்த அன்று, போர்வை மடித்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

"என் தம்பிய நீங்க இழுத்துப் போட்டீங்க. உங்கள இழுத்துப் போட யாரு இருக்கா? அவனுக்குக் கயிறு பிடிக்கவே மூச்சு இல்ல. இனிமே முகமூடி இல்லாம குழிக்குள்ள கால வெச்சீங்கன்னா வீட்டுக்கு வர வேண்டாம். அங்கயே இருந்துக்கங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் மடிப்புக் கலையாமல் போர்வையை அடுக்கினாள்.

மறுநாளே நகராட்சிக்குப் போய்க் கேட்டார். காற்சட்டை மாதிரி நெஞ்சு வரைக்கும் ஏறுகிற பூட்ஸ், முழங்கைக்கு மேல் வருகிற கையுறை, குழாய் வைத்த முகமூடி. மேலே ஒருவர் பம்ப் அடித்தால் கீழே இருக்கிறவருக்குக் காற்று வருமே, அந்த முகமூடி. தங்கத்தில் கிரீடமா கேட்டார்? மூச்சு கேட்டார். பண்டகக் காப்பாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே, "கோப்பு நகர்ந்துகிட்டிருக்கு" என்றார். அடுத்த மாதம் போனபோதும் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. பக்கத்து அறைக்குப் போக ஒரு கோப்புக்கு அத்தனை நாள் ஆகுமென்றால் அது நகர்கிறதா, தவழ்கிறதா, படுத்துத் தூங்குகிறதா என்று கேட்க அவருக்கு ஆசைதான். கேட்டால் தூங்குகிற கோப்பும் காணாமல் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் மேலேயிருந்தே நீளக் கழியை விட்டுக் குத்திக் குத்தி வேலையை ஓட்டினார். பாதி அடைப்பு விடும், பாதி விடாது. விடாத பாதிக்குத் திட்டு அவருக்கு.

இதற்கிடையில் பன்முகத்தன்மைப் பிரிவு சுறுசுறுப்பாகிவிட்டது. நகர மண்டபத்தில் 'நூறு முகங்கள்' என்று ஒரு கண்காட்சி. நூறு தொழில் செய்கிறவர்கள் நூறு மேடையில் நிற்பார்கள், நடுவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். ஆள் பொறுக்குகிற வேலை தொடங்கியதும் ஊரே ஒரு குழப்படியான ஊர் என்பது அலுவலருக்குத் தெரியவந்தது. ரொட்டி சுடுகிறவர் சாயங்காலமானால் டாக்ஸி ஓட்டுகிறார். பள்ளிக்கூட ஆசிரியை விடுமுறையில் துணி தைக்கிறாள். ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடினால் அவர்கள் ஏன் இரண்டு வேலை பார்க்கிறார்கள்? அது அலுவலருக்குத் தோன்றவில்லை. ஒருவருக்கு ஒரு முகம்தான், இன்னொன்றை விழா முடிகிற வரைக்கும் நிறுத்தி வையுங்கள் என்று உத்தரவு போட்டார். முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டு, உங்க மொழி எது என்று கேட்டிருக்கிறார்.

"அம்மாகிட்ட ஒண்ணு, பொண்டாட்டிகிட்ட ஒண்ணு சார். கடையில உக்கார்றவரு வாயில எது வருதோ அது" என்றிருக்கிறார் அவர்.

"இப்படி எல்லாரும் கலந்து கெடந்தீங்கன்னா பன்முகத்தன்மை என்னத்துக்கு ஆகும்? தனித்தனியா நின்னாதானே நடுவருக்குத் தெரியும்?" என்று அலுவலர் கோபித்துக்கொண்டாராம்.

பஸ் நடத்துநர்கள் பகுதி நிரம்பிவிட்டது என்று மிச்சமிருந்த நடத்துநரைப் பூ விற்பவராக்கினார்கள். பூக்காரி கழுத்தில் விசில் மாட்டி நடத்துநராக்கினார்கள். மூன்று தலைமுறையாக இதே ஊரில் இருக்கிற தையல்காரர் 'வந்தேறியவர்' மேடைக்குப் போனார். முகம் அதற்குப் பொருத்தமாக இருக்கிறதாம். போன வருஷம் வந்திறங்கிய ஒரு கொத்தனார் 'மண்ணின் மைந்தர்' ஆனார்.

சாக்கடை மேடைக்கு அடைப்புக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் போனது முகமூடிக்கோப்பு கடைசியில் வந்து சேர்ந்துவிட்டது என்ற நினைப்பில். நினைப்புக்கு ஏற்ற மாதிரியே பண்டகக் காப்பாளர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். அத்தனை வருஷ வேலையில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலுக்கு அளவு எடுத்தார்கள், கைக்கு அளவு எடுத்தார்கள், முகத்தைச் சுற்றி நாடா வைத்துப் பார்த்தார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார்.

"கைல வாங்கிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"அளவு எடுத்திருக்காங்க."

"அளவு பொணத்துக்கும்தான் எடுப்பாங்க. கைல வரட்டும்."

கையில் வந்தது. எல்லாம் புத்தம் புதுசு. பூட்ஸ் காலுக்கு அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு, மச்சானைப் பம்ப் அடிக்கச் சொல்லி, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். ரப்பர் நெடியோடு காற்று வந்தது. நல்ல காற்று. இது அன்றைக்கு இருந்திருந்தால் இந்தப் பயலுக்கு இந்த இருமல் வந்திருக்குமா என்று நினைத்தார். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுததால் யாருக்கும் தெரியவில்லை.

"கழட்டிக் குடுங்க" என்றார் பண்டகக் காப்பாளர். "இது கண்காட்சிப் பொருள். ஒத்திகைக்கு ஒத்திகை போட்டுப் பாத்துட்டு இங்க பூட்டிடணும்."

அடைப்புக்காரர் தன் கோப்பைப் பற்றிக் கேட்டார். அது வேற கோப்பு, அது நகர்ந்துகிட்டிருக்கு என்று பதில் வந்தது.

அன்று அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். கேட்காமலே மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

ஒத்திகை நகர மண்டபத்தில். அவருக்குத் தெர்மோகோலில் ஒரு சாக்கடை செய்து வைத்திருந்தார்கள். உள்ளே நீல விளக்கு எரிந்தது. வாசனைத் திரவியம் தெளிக்க ஒருவர் நின்றார். அலுவலர் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து விளக்கம் கொடுத்தார்.

"நீங்க இங்க வேலை செய்யக் கூடாது. வேலையோட பெருமையைக் காட்டணும். குனியாதீங்க, குனிஞ்சா தாழ்வா தெரியும். நிமிந்து, சிரிச்ச முகமா நில்லுங்க."

முகமூடிக்குள் சிரிப்பது யாருக்குத் தெரியும் என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி என்று அலுவலர் ஒப்புக்கொண்டு, முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிடச் சொன்னார். ஆகவே அடைப்புக்காரர் வாயும் மூக்கும் திறந்தபடி, தலையில் முகமூடியோடு, தெர்மோகோல் சாக்கடையில் சிரித்துக்கொண்டு நின்றார்.

நிற்கும்போதே அவர் மூக்கில் வேறொரு நெடி ஏறியது. மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற நிஜச் சாக்கடை. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அந்தப் பக்கம் போகிற நாய்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போயிற்று. விழாவுக்கு முன்னால் இறங்கி எடுத்துவிட வேண்டும், இந்தப் பூட்ஸையும் முகமூடியையும் அரை நாள் கொடுங்கள், கழுவித் தந்துவிடுகிறேன் என்றார். அலுவலர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கச் சாக்கடை அதில் இல்லை என்றார்.

அந்த வாரமே மருத்துவமனைச் சந்தில் அடைத்துக்கொண்டது. சலவைக்கூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மனைவியும் அவளோடு வேலை செய்கிற பெண்களும் நோயாளிகளின் போர்வைகளைத் தலையில் சுமந்துகொண்டு அதற்குள் நடந்தார்கள். அவர் பண்டக அறைக்கு ஓடினார். பூட்ஸ் கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று நின்றது.

"கறை பட்டுட்டா தணிக்கைல யாரு பதில் சொல்றது? நீயா?" என்றார் காப்பாளர்.

"கறை படாம சாக்கடை எப்படி சார் எடுக்கறது?"

"அதுக்காகத்தான் தரமாட்டேங்கறேன்."

அன்று முழுக்க அவரும் மச்சானும் மேலே நின்றபடியே கழி விட்டுக் குத்தினார்கள். மச்சான் இரண்டு குத்துக்கு ஒருதரம் உட்கார்ந்து இருமினான். உள்ளங்கைத் தோல் உரிந்து ஒருவழியாக அடைப்பு விட்டபோது ஒத்திகைக்கு நேரமாகியிருந்தது. குளிக்கப் போனால் தாமதமாகும் என்று அப்படியே ஓடினார். அதுதான் அவர் செய்த தப்பு. அலுவலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசனைத் திரவியக்காரர் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். சாக்கடைத் தொழிலாளிக்குச் சாக்கடை நாற்றம் அடிப்பது கண்காட்சியின் தரத்தைக் கெடுக்கும் என்று அங்கேயே ஒரு அவசரக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்.

மறுநாள் அவர் மேடையில் ஒரு பொம்மை நின்றது. ஜவுளிக்கடை வாசலில் கோட்டு சூட்டு போட்டு நிறுத்துகிற பொம்மை. வெள்ளை வெளேரென்று முகம், சிவப்பு உதடு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி ஒரு கை தூக்கியபடி. கோட்டு சூட்டைக் கழற்றிவிட்டு, அதன் காலில் அவருடைய பூட்ஸ், கையில் அவருடைய கையுறை, நெற்றியில் அவருடைய முகமூடி. பூட்ஸ் பொம்மைக்குப் பெரிதாக இருந்தது, உள்ளே காகிதம் அடைத்திருந்தார்கள்.

"வருத்தப்படாதீங்க. இது உங்களுக்குக் கிடைக்கிற மரியாதைதான். உங்கள விட அது நல்லா நிக்குது, அவ்வளவுதான் விஷயம். லீவு கேக்காது, இருமாது. நீங்களும் உங்க மச்சானும் விழா அன்னிக்குப் பின்வாசல் படிக்கட்டுல இருங்க, எதுக்கும் தேவைப்படும். நடுவர்கள் கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க" என்றார் அலுவலர்.

அடைப்புக்காரர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் சாதுவான ஆள். அன்றுதான் முதல் தடவையாக ஒருவனை அடிக்க வேண்டும் போல அவருக்குக் கை துறுதுறுத்தது. அடிக்கவில்லை, போய்விட்டார்.

விழா நாள் வந்தது. ஊர் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேலையைக் காட்டுவதற்காக மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் இல்லை, ஓட்டுநர் அட்டைப்பெட்டி பஸ்ஸில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தார். ரொட்டி இல்லை, ரொட்டிக்காரர் மெழுகு ரொட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றார். மருத்துவமனையில் கட்டில்களுக்கு விரிப்பு இல்லை. விரிப்பு துவைக்கிறவர்கள் மேடையில் ஒரே ஒரு வெள்ளை விரிப்பைக் காலையிலிருந்து துவைத்துக்கொண்டிருந்தார்கள். அழுக்கே இல்லாத விரிப்பு. அடைப்புக்காரரின் மனைவியும் அங்கேதான் நின்றாள். அதே விரிப்பை இன்னொரு தரம் முக்கும்போது அவள் மனசு பூராவும் வார்டில் வெறும் ரப்பர் மேல் படுத்துக் கிடக்கிறவர்களிடம் இருந்தது.

நடுவர்கள் வந்தார்கள். கூட்டம் வந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், கழிப்பறைக்குப் போனார்கள். சமையலறை எண்ணெயெல்லாம் வாய்க்காலில் ஊற்றினார்கள், கசங்கிய அலங்காரக் காகிதப் பூக்களை எங்கே போடுவது என்று தெரியாமல் அதற்குள்ளேயே திணித்தார்கள். ஏற்கெனவே தொண்டை வரைக்கும் நிரம்பியிருந்த சாக்கடை இனி என்னால் முடியாது என்று திருப்பிக் கக்கியது. கழிப்பறையில் தொடங்கி, நடைபாதையில் படர்ந்து, சிவப்புக் கம்பளத்தின் அடியில் புகுந்து அது மண்டபத்துக்குள் வந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

பின்வாசல் படிக்கட்டுக்கு அலுவலர் ஓடி வந்தார். பின்னாலேயே பண்டகக் காப்பாளர்.

"உடனே எறங்குங்க" என்றார் அலுவலர்.

"அந்த முகமூடியும் பூட்ஸும் குடுங்க. எறங்கறேன்."

"அது பொம்மை மேல இருக்கு."

"தெரியும் சார். பொம்மைகிட்ட இருந்து வாங்கிக் குடுங்கன்னுதான் சொல்றேன்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல தலைவர் அதுக்குப் பதக்கம் போடப்போறாரு. உள்ள வேற துணி இல்ல. கழட்டினா நடுவர்கள் முன்னாடி அம்மணமா நிக்கும். நகராட்சி மானம் என்னாகறது?"

அடைப்புக்காரர் எழுந்து நின்றார்.

"பொம்மைக்கு மானம் இருக்கு. எனக்கு மூச்சு இருக்கு. ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க சார்."

அவர்கள் முடிவு பண்ணத்தான் செய்தார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் பிரிவு முழுவதும் நாற்காலிகள் மேல் ஏறி நின்று கலந்து பேசிவிட்டு வந்தார்கள். பொம்மையின் மானம்தான் பெரிது என்று ஏகமனதாகத் தீர்மானம். எல்லாரும் ஒரே குடும்பம் என்பதால் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

"எறங்கலைன்னா வேலைல இருந்து தூக்கிடுவேன் உன்ன" என்றார் அலுவலர். அதுவரை இருந்த 'நீங்க' போய்விட்டது.

"தூக்குங்க. அப்புறம் யாரு எறங்குவா? உங்க பிரிவா?"

அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள். சேலை நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் கணவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். மச்சானும் உட்கார்ந்தான். அவர்களைத் தாண்டிக் குழி மூடியைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை.

உள்ளே தலைவர் காலை நனைத்துக்கொண்டே பேசினார். நனைவது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒலிபெருக்கி கைக்கு வந்தபிறகு அதை விடுகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

"நடுவர் பெருமக்களே, நமது நகரத்தின் ஆழத்திலிருந்து இன்று ஏதோ ஒன்று பொங்கி எழுகிறது. இத்தனை காலமும் நாங்கள் அதை மூடியே வைத்திருந்தோம். இன்று உங்கள் காலடிக்கே கொண்டுவந்துவிட்டோம். ஏழை பணக்காரன் என்ற வேறுபாடில்லாமல், எல்லார் வீட்டிலிருந்தும் வந்தது இது!"

அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுதான். கைதட்டல் வந்தது. தலைமை நடுவர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது, நாற்றத்திலா, உருக்கத்திலா என்று தெரியவில்லை.

"நிறைய ஊர்கள் பார்த்தேன்" என்றார். "எல்லா இடத்திலும் உழைப்பைப் புகைப்படமாகக் காட்டினார்கள். அதன் மணத்தையே கொண்டுவந்து எங்களை அதில் நிற்க வைத்தது இந்த ஊர் மட்டும்தான். இந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்."

விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. பொம்மையின் கழுத்தில் தலைவர் பதக்கம் போட்டார். காகிதம் அடைத்த கால், தண்ணீரில் மிதக்கிற தெர்மோகோல். பதக்கத்தின் கனம் தாங்காமல் பொம்மை தூக்கிய கையோடு குப்புற விழுந்தது. பணிவு காட்டுகிறது என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள்.

நடுவர்கள் கார் ஏறிப் போனபிறகுதான் பண்டகக் காப்பாளர் பொம்மையைப் பார்த்தார். பூட்ஸில் கறை, கையுறையில் கறை, முகமூடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இதைத் தொட முடியாது, அலமாரியில் வைக்க முடியாது, இது இனிமேல் சொத்துக் கணக்கில் வராது என்று புலம்பினார்.

"கழிவுன்னு எழுதித் தள்ளுங்க. யாராவது இந்தக் கருமத்த உடனே அப்புறப்படுத்துங்க" என்று அலுவலர் கத்தினார்.

அடைப்புக்காரர் உள்ளே வந்தார். குனிந்து பொம்மையின் காலிலிருந்து பூட்ஸை உருவினார். காகிதத்தை வெளியே தட்டினார். கையுறையைக் கழற்றினார், குழாயும் பம்புமாக முகமூடியைக் கழற்றினார். எல்லாவற்றையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"ஏய், எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் காப்பாளர்.

"குப்பைன்னு சொன்னீங்களே சார். குப்பை எடுக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க. இல்ல, சொத்துதான்னா சொல்லுங்க. உங்க கைலயே தந்துட்டுப் போறேன்."

நீட்டினார். காப்பாளர் இரண்டடி பின்னால் போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "குப்பைதான்" என்றார்.

மண்டபத் தோட்டத்துக் குழாயடியில், மேடையில் மிச்சமிருந்த சோப்பைப் போட்டு, மனைவி அவற்றைத் தேய்த்துக் கழுவினாள். காலையிலிருந்து அவள் கையில் பட்ட முதல் நிஜ அழுக்கு அது. நல்ல வெயில் இருந்தது. காய்ந்ததும் அவள் தன் கையாலேயே முகமூடியின் வாரை இழுத்துக் கட்டிவிட்டாள். கட்டு சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். மச்சான் பம்பின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்து அடிக்கிற வேலைக்கு அவன் மூச்சு போதும்.

அவர் இறங்கினார். மூடியின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் தலை மேலே வருகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே மண்டபத்தில் தண்ணீர் சரசரவென்று வடிந்தது. விழா முடிந்துவிட்டதால் அதுவும் கிளம்புகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் முகம் கறுத்திருக்கவில்லை. மனைவி அதைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கலாம். நகராட்சி விடுமா?

விருது வாங்கித் தந்த பொம்மையைத் தூக்கிப் போடக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அதைக் கழுவி, சாயம் பூசி, நகராட்சி அலுவலகத்து வாசல் கூடத்தில் கண்ணாடிக் கூண்டு கட்டி நிறுத்தினார்கள். முன்பக்கம் மட்டும்தான் கண்ணாடி, பின்பக்கம் கதவில்லாமல் திறந்தே கிடந்தது. அம்மணமாக நிற்க முடியுமா? புதிதாகப் பூட்ஸ், புதிதாகக் கையுறை, புதிதாகக் குழாய் வைத்த முகமூடி. அதற்கான கோப்பு காலையில் கிளம்பி மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்தாகி வந்துவிட்டது. கீழே ஒரு பலகை: 'எங்கள் துப்புரவுத் தோழருக்கு நகரத்தின் மரியாதை.' அந்தப் பலகையைத் தாண்டித்தான் கிழக்கு வட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் தினமும் வெறும் காலோடு வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அவர்களும் முகமூடி கேட்டிருக்கிறார்கள். அதுவும் நகர்ந்துகொண்டிருக்கிறதாம்.

அடுத்த மழைக்கு அலுவலகத்துக் கழிப்பறை அடைத்துக்கொண்டது. தண்ணீர் மெதுவாக வாசல் கூடத்துக்கு வந்து, கண்ணாடிக் கூண்டின் விளிம்பை நக்க ஆரம்பித்தது. அலுவலர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அடைப்புக்காரரை எங்கே என்று கத்தினார்.

அடைப்புக்காரர் எதிர்த்த படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான். கீழ்ப் படியில் கிழக்கு வட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும், மடியில் ஒரு காலிச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, பொம்மையின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இன்னும் அதன் குதிகாலுக்கு வரவில்லை.

"அடைப்ப எடுக்காம என்னய்யா பண்ணிட்டிருக்கீங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அடைப்புக்காரர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

"கோப்பு நகர்ந்துகிட்டிருக்கு சார்."